பதினைந்து கற்கள்

காலையில் கொடிகாமம் சந்தியில் நின்று பார்த்தால், ஒரு வாகனம் கீறல் படாமல் வெளியேறுவதே அதிசயம் என்று தோன்றும். ஏ9 வீதியில் பஸ்ஸும் லொறியும் ஓய்வதில்லை. வடக்கே பருத்தித்துறை வீதி, தெற்கே கச்சாய் வீதி. சந்தையில் பலாப்பழமும் தேங்காயும் ஏற்றிய வாகனங்கள் பின்பக்கமாக எடுபட்டுக்கொண்டே இருக்கும். பருத்தித்துறைத் தட்டி வான்கள் சனமும் சாமானுமாக வந்து நின்ற காலத்திலும் இங்கே நெரிசல்தான். இந்த நெரிசலுக்குள் ஓரமாக விட்டுப்போன காரின் கதவில் ஒரு நெளிவு விழுவது பெரிய பாவமன்று. கண் தவறியது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வரும் அரை நிமிடம் வேறு வகை. ஓட்டியவர் திரும்பிப் பார்க்கிறார். காருக்குள் ஆளில்லை. ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இடித்தது அறியாமல் நடந்தது. கியரைப் போட்டுப் போவது அறிந்து செய்வது. வினை என்று நம் பெரியவர்கள் சொன்னது இந்த இரண்டாவதைத்தான் என்று நினைக்கிறேன். இலங்கையின் 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டமும் அந்த அரை நிமிடத்தையே பிடித்துக்கொள்கிறது: வாகனத்தை நிறுத்து, பேரையும் விலாசத்தையும் சொல், பொலிசுக்கு அறிவி.

போய்விட்டவருக்கு இரவில் ஒரு சமாதானம் கிடைக்கும்: முடிந்தது முடிந்துபோயிற்று. நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகள் யோகர் சுவாமிகளுக்கு அருளிய மகாவாக்கியங்களில் ஒன்றும், எல்லாம் எப்பவோ முடிந்துவிட்டது என்றே சொல்கிறது. ஆனால் அது ‘நான்’ கழன்றுபோனவரிடம் சொன்ன சொல். நழுவுகிறவர் அதை எடுத்துப் போர்த்திக்கொள்ள முடியாது. கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

எல்லாள மன்னன் கதையில் தேர்க்காலில் மாண்ட கன்றைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். மகாவம்சத்தின் அதே அத்தியாயத்தில் இன்னொரு தேர் வருகிறது. அதை நாம் ஏன் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று தெரியவில்லை. பிக்குகளை அழைக்க மன்னன் சேதியமலைக்குப் போகிறான். இன்று மிகிந்தலை என்று நாம் சொல்லும் இடம். கொடிகாமத்துக்குள்ளால் ஓடும் இதே ஏ9 வீதிதான் அங்கும் போகிறது. போன இடத்தில் தேரின் நுகத்தடி ஒரு தூபியில் முட்டிவிடுகிறது. அவன் கவனிக்கவில்லை, அமைச்சர்கள்தான் சொல்கிறார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. அவன் கும்பிடும் தெய்வத்தின் இடமுமல்ல. ஆனாலும் தேரிலிருந்து இறங்கி வழியில் படுத்து, சக்கரத்தை ஏற்றித் தன் தலையைத் துண்டிக்கச் சொல்கிறான்.

அமைச்சர்களின் பதிலை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். தங்கள் ஆசானான புத்தர் பிறருக்குத் துன்பம் தருவதை விரும்பாதவர், தூபியைத் திருத்திக் கொடுங்கள், போதும் என்கிறார்கள். விழுந்தவை பதினைந்து கற்கள். அதற்காக மன்னன் 15,000 கஹாபணக் காசு செலவழித்தான்.

தலையைக் கொடுக்கிறேன் என்பது பெரிய வார்த்தை. அதற்குள்ளும் ‘நான்’ நிற்கிறது: என் குற்றம், என் தண்டனை. ஆணவம் குற்ற உணர்ச்சியின் வேஷத்திலும் வரும் என்பதைச் சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பதினைந்து கற்கள் என்ற கணக்கோ மன்னனைத் தாண்டி, அடிபட்ட பொருளைப் பார்க்கிறது. எது விழுந்தது, எத்தனை விழுந்தது, எங்கே வைப்பது?

கார்க் கதவின் கணக்கு இன்னும் சின்னது. அன்றைக்கே என்றால் ஒரு துண்டில் பேர், ரெலிபோன் நம்பர், வாகன இலக்கம் எழுதி வைப்பருக்கடியில் செருகலாம், பொலிசுக்கும் சொல்லவேண்டும். நாள் கடந்துவிட்டால் பொலிஸ் நிலையத்துக்கே போகவேண்டியதுதான். கார்க்காரர் அங்கே ஏற்கனவே முறைப்பாடு கொடுத்திருக்கக்கூடும். பிந்தியதற்குக் கேள்வி வரும். வழக்கு வந்தாலும் வரும். உள்ளதை உள்ளபடி சொன்னால் வசனம் இவ்வளவுதான்:

“அண்ணை, உங்கட காரில முட்டினது நான்தான். பயத்தில போயிட்டன்.”

“அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி!”

இதைவிடக் கடுமையாகவும் ஏசலாம். ஏசட்டும். கராஜ்காரர் சொல்லும் தொகையைக் கேட்டுக் கொடுத்துவிட வேண்டும். கையில் முழுதாக இல்லாவிட்டால் தவணை கேட்கலாம். மன்னிப்பதா இல்லையா என்பது கார்க்காரர் பாடு.