தந்த வாக்கு யாருடையது?

வாக்கு என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒருவர் மற்றவர்க்கு அளிக்கும் உறுதிமொழியும் வாக்கு; தேர்தல் நாளில் குடிமகன் அளிப்பதும் வாக்கு. முன்னதைக் கொடுத்தவரே அதனைக் காக்கக் கடமைப்பட்டவர். பின்னதிலோ கொடுப்பவர் குடிமகன். காக்கக் கடமைப்பட்டவர் அதனைப் பெற்றுக்கொண்டவர். இவ்வேறுபாட்டை ஊன்றி நோக்கினால் ஒரு வினா எழுகிறது. மக்களிடமிருந்து பெற்ற ஓர் இடத்தைத் தம் விருப்பம்போல் துறக்கவும், பிறருக்குக் கைமாற்றவும் பெற்றவர்க்கு உரிமை உண்டா? இதற்கு விடை தேடத் தத்துவ நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. தேனி மாவட்டத்துத் தொகுதிகள் கண்ட தேர்தல்களே போதிய பாடமாகும்.

பண்ணைப்புரத்திலிருந்து தொடங்குவோம். அவ்வூருக்கு மேற்கே மலை. மலைக்கு அப்பால் தேவிகுளம். 1956இல் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. ஆயினும் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழரே. 1957 தேர்தலில் தேவிகுளத்தில் பொதுவுடைமைக் கட்சியின் ரோசம்மா புன்னூஸ் வென்றார். எதிர்த்து நிற்க விரும்பிய ஒருவரின் வேட்புமனு முறையின்றித் தள்ளப்பட்டது என்ற காரணத்தால் அவ்வெற்றி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. 1958இல் இடைத்தேர்தல் வந்தது. 126 இடங்கள் கொண்ட சட்டசபையில் 60 இடங்களும் சில சுயேச்சைகளின் துணையும் கொண்டு ஆண்ட கட்சிக்கு ஓர் இடமும் பேரிடமே. அப்போது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறிச் சென்று, தோட்டத் தொழிலாளரிடையே அவர்தம் மொழியில் பாடி வாக்குக் கேட்டார். பின்னாளில் இசையுலகில் புகழெய்திய இளையராஜாவின் தமையனாரே அவர். ரோசம்மா புன்னூஸ் முன்னிலும் கூடுதலான வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

இந்நிகழ்ச்சி நமக்குச் சொல்வது யாது? மக்கள் அவரை விரும்பவில்லை என்று எவரும் மெய்ப்பிக்கவில்லை. இருந்தும், ஒருவருக்கு வாயில் அடைக்கப்பட்டிருந்தது என்ற ஒன்றே வெற்றியைத் திருப்பிக் கொடுக்கப் போதுமானதாயிற்று. உரியவர்களிடம் மறுபடி கேட்டுப் பெறுமாறு சட்டம் பணித்தது. அவரும் கேட்டார், பெற்றார். இடம் மக்களுடையது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனி ஆண்டிபட்டிக்கு வருவோம். 1984 தேர்தலில் அத்தொகுதியின் வேட்பாளராக நின்ற எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். தொகுதிக்கு வாராமலேயே வென்றார். 2001இல் அதே ஆண்டிபட்டி உள்ளிட்ட நான்கு தொகுதிகளில் ஜெயலலிதா அளித்த வேட்புமனுக்கள் தள்ளப்பட்டன. ஆண்டிபட்டியில் அவர் கட்சியினரான தங்க தமிழ்ச்செல்வன் வென்றார். பின்னர்த் தம் தலைவர் போட்டியிடும் பொருட்டு அவர் பதவி விலகினார். 2002 பிப்ரவரியில் நடந்த இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்று, மார்ச்சு மாதத்தில் மீண்டும் முதலமைச்சரானார்.

இதில் குற்றம் என்ன என்று கேட்பாருளர். அவர்கள் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மக்கள் வாக்களித்தது ஆளுக்கு அன்று, சின்னத்திற்கு. சின்னத்தின் தலைவர்க்கு இடத்தை விட்டுக் கொடுத்தவர் மக்கள் எண்ணியதையே நிறைவேற்றினார். மேலும் அம்மக்களே மறுபடி வாக்களித்து அதனை ஒப்புக்கொண்டனர் என்பர். உண்மைதான். பதவியைப் பற்றிக்கொள்ளும் உலகில் விட்டுக் கொடுப்பது அரிய பண்பு என்பதையும் மறுக்க மாட்டோம். எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமக்குச் சொந்தமானதை விட்டுக் கொடுப்பதே ஈகை. பிறர் நம்பி வைத்ததை விட்டுக் கொடுப்பது ஈகையாகாது. நம் வீடுகளில் இத்தகைய பொருளை அமானிதம் என்போம். அதனை வைத்திருப்பவர் எத்துணை நல்லவர்க்குக் கொடுத்தாலும், கொடுக்குமுன் வைத்தவரைக் கேட்டாக வேண்டும். ஆண்டிபட்டியில் மக்கள் பின்னர் ஒப்பினர், முன்னர்க் கேட்கப்படவில்லை.

கம்பம் தொகுதியின் கதை வேறு வகையானது. 2006இல் அங்கே ம.தி.மு.க. சார்பில் நின்று வென்றவர் இராமகிருஷ்ணன். அவ்வாண்டு அக்கட்சி அ.தி.மு.க. கூட்டணியில் இருந்தது, ஆகவே அவர் பெற்ற வாக்குகள் தி.மு.க.வுக்கு எதிரான அணிக்கு விழுந்தவை. 2009இல் அவர் தி.மு.க.வில் சேர்ந்தார், பதவி விலகினார், அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் அக்கட்சியின் வேட்பாளராகவே வென்றார். அத்தேர்தலை அ.தி.மு.க. புறக்கணித்தது. 2011இலும் 2021இலும் அவரே மீண்டும் வெற்றி பெற்றார். கட்சி மாறிய பின்பும் பழைய இருக்கையிலேயே அமர்ந்திருக்க வழி தேடுவோரைக் காட்டிலும், பதவி துறந்து மக்கள்முன் நின்றவர் மேலானவரே. ஆனால் மக்கள் மன்னித்தல் வேறு, முன்னரே இசைவு தருதல் வேறு. மன்னிப்புக் கிடைக்கும் என்ற துணிவில் செய்யப்படுவது செம்மையான செயலாகிவிடாது.

மூன்றாவது நிகழ்ச்சியே நம்மை மிகவும் வருத்துவது. 2017 செப்டம்பர் 18 அன்று சட்டமன்ற உறுப்பினர் 18 பேர் தகுதி நீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் ஆண்டிபட்டி உறுப்பினரும் பெரியகுளம் உறுப்பினரும் இருந்தனர். வழக்கு நடந்தது, முதலில் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பளித்தனர், மூன்றாம் நீதிபதி 2018 அக்டோபரில் நீக்கத்தை உறுதி செய்தார். இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில் நடந்து, மே மாதத்தில் முடிவு வெளியாயிற்று. ஏறத்தாழ இருபது மாதங்கள் அவ்விரு தொகுதி மக்களுக்காகச் சட்டமன்றத்தில் எழுந்து பேச ஒருவரும் இல்லை. பூசல் தலைவர்களுக்குள், தண்டனையோ குடிமக்களுக்கு.

இதற்கு அடிப்படையான சட்டம் 1985இல் அரசமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாம் அட்டவணை. கட்சித் தாவலைத் தடுக்க எழுந்த அச்சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆயினும் அது கேட்பதெல்லாம் உறுப்பினர் கட்சிக்கு உண்மையாக இருந்தாரா என்பதையே. தொகுதிக்கு உண்மையாக இருந்தாரா என்று அது கேட்பதில்லை. கட்சியே பொருளை ஒப்படைத்தது போலவும், மக்கள் அதற்குச் சாட்சிகள் போலவும் ஆகிவிட்டது. சட்டம் இவ்வளவே கேட்கலாம். அறம் இதனோடு அமைதியடைதல் இயலாது.

ஆனால் பழி முழுவதையும் பெற்றவர்மீதே சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளலாமா? அந்த 2019 தேர்தலில் ஆண்டிபட்டியில் உடன்பிறந்த சகோதரர் இருவர் எதிரெதிர்க் கட்சிகளில் நின்றனர். தி.மு.க.வின் மகாராஜன் அ.தி.மு.க.வின் லோகிராஜனை வென்றார். உறவைக் கடந்து கொள்கைக்காக நிற்பதில் இழிவில்லை. இழிவு வேறிடத்தில் இருந்தது. வாக்குப்பதிவுக்கு இரு நாள் முன்னர் அவ்வூரில் வருமானவரித் துறையினர் 1.48 கோடி ரூபாயைக் கைப்பற்றினர். பொட்டலங்களில் வார்டு எண்ணும், வாக்காளருக்கு 300 ரூபாய் என்ற குறிப்பும் இருந்தனவாகச் செய்தி வந்தது. கொடுக்க எண்ணியவர் ஒரு பக்கம் இருக்கட்டும்; வாங்குவார் உண்டென்ற நம்பிக்கை அவர்க்கு எங்கிருந்து வந்தது? விற்ற பொருளைப் பற்றி விற்றவர் பின்னர் வினவ இயலுமா? ஒப்படைத்தவர்க்கே கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. முந்நூறு ரூபாய்க்கு நாம் இழப்பது ஒரு வாக்கை மட்டுமன்று; ஐந்தாண்டுக் காலம் கேள்வி கேட்கும் வாயையும் சேர்த்தே இழக்கிறோம்.

முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் உழவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மடை திறந்து நீர் பங்கிடும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைப்பர். மண்வெட்டி அவர் கையில் இருப்பதால் நீர் அவருடையது ஆகிவிடாது. அவர் தம் பொறுப்பை நண்பருக்கு மாற்றிக் கொடுத்தால் வயலுக்குரியவர்கள் வாளாவிருப்பரா? வயலில் அறிந்த நீதியை வாக்குச் சாவடியில் நாம் மறந்துவிடுகிறோம்.

பண்ணைப்புரத்துப் பாவலர் மலையேறிப் பாடியபோது கொண்டு சென்றது குரல் ஒன்றே. பாட்டு நெஞ்சை அசைக்கும். ஆனால் அது கேட்டுவிட்டு நின்றுவிடும். கேட்டவர் தம் வாக்கைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, எண்ணிப் பார்த்து, விரும்பினால் தரலாம். பணமோ கேட்பதில்லை, எடுத்துக்கொள்கிறது. கேட்டுப் பெற்றவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். கேட்டபோது எண்ணிக் கொடுத்தவரே அக்கணக்கைக் கேட்கத் தகுதி உடையவர். இவ்விரண்டும் கூடிய இடத்தில்தான் தொகுதி என்பது எல்லைக் கோடாக மட்டும் நில்லாமல் மக்களின் உடைமையாகும்.