மோதாமற் போனால் குற்றமில்லையா?



அமெரிக்காவில் மினியாப்பொலிஸ் நகரின் தென்மேற்கே, வீடுகளுக்கு நடுவில் ஹேரியட் என்னும் ஏரி இருக்கிறது. அதைச் சுற்றி இரண்டு பாதைகள். ஒன்று நடப்பவர்களுக்கு, மற்றது சைக்கிளுக்கும், காலில் சக்கரம் கட்டி ஓடுகிறவர்களுக்கும். 1980-ஐ ஒட்டி அந்நகரத்து ஸ்காட் ஆல்சன், பிரென்னன் ஆல்சன் என்ற சகோதரர்கள், பனி உருகிய மாதங்களிலும் ஹாக்கி பழகுவதற்காக, சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்த பழைய காலணி ஒன்றைத் திருத்திச் செய்து விற்கத் தொடங்கினார்கள்.

இதில் ஓடக் கற்பது எளிது. நிற்கக் கற்பதுதான் கடினம். பொதுவாக ஒரு காலின் குதியில் மாத்திரம் ரப்பர்க் கட்டை இருக்கும். அந்தக் காலை முன்னே நீட்டி, விரல்களை உயர்த்தி, குதியை அழுத்த வேண்டும். அப்போதும் சட்டென்று நிற்காது. 18-ம் நூற்றாண்டில் லண்டனிலிருந்த யோசேப்பு மெர்லின் என்பவர், சக்கரக் காலணியோடு வயலின் வாசித்துக்கொண்டே விருந்து மண்டபத்தில் நுழைந்து, நிற்கத் தெரியாமல் பெரிய நிலைக்கண்ணாடியில் மோதிக் காயப்பட்டார் என்று ஒரு பழைய குறிப்பு சொல்லும். நமக்குச் சிரிப்பு வருகிறது. அங்கே ஒரு குழந்தை நின்றிருந்தால்?

நிற்கக் கற்காத வாலிபன் ஒருவன், ஜனங்கள் நிறைந்த மாலையில் ஏரியை வேகமாய்ச் சுற்றுகிறான் என்று வையுங்கள். யார்மேலும் மோதவில்லை, நிம்மதியாய்த் தூங்குகிறான். மறுநாள் அவனைப்போலவே ஓடிய தோழன் ஒரு கிழவியைத் தள்ளி இடுப்பெலும்பை முறித்துவிடுகிறான். உலகம் இரண்டாமவனைத் தூற்றும். சர்வேசுரனுடைய சந்நிதியில் இருவருக்கும் என்ன வித்தியாசம்?

தற்செயலாய் ஒருவன் உயிரைப் போக்கினால் கொலைப்பாவமாகுமா என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் ஆராய்கிறார். நியாயமான காரியத்தைத் தக்க ஜாக்கிரதையோடு செய்தவனுக்குக் குற்றமில்லை. ஜாக்கிரதையைக் கைவிட்டவனுக்கு, அவன் விரும்பாவிட்டாலும், உண்டு என்பது அவர் தீர்ப்பு. அப்படியானால் குற்றம் மோதலில் தொடங்கவில்லை. நிற்கத் தெரியாதென்று அறிந்தும் கூட்டத்துக்குள் காலெடுத்து வைத்தபோதே தொடங்கிவிட்டது. அதை முதல்வனும் செய்தான். இரண்டாமவனுக்குக் கூடுதலாயிருப்பது, கிழவியின் வைத்தியச் செலவைக் கொடுக்கும் கடமை.

“எனக்கு நிற்கத் தெரியாதென்பதே எனக்குத் தெரியாதே” என்பார்கள் சிலர். ஒருமுறைகூட நின்று பார்க்காதவனுடைய அறியாமை, அவனே வளர்த்துக்கொண்டது. இதற்காகக் காலணியைப் பரணில் போடச் சொல்லவில்லை. ஓடுவது நல்ல சந்தோஷம், சரீரத்துக்கும் சுகம். காலி மைதானத்தில் சில நாள் நிற்கப் பழகட்டும்.

குழந்தையைச் சக்கரப் பாதையில் ஓடவிடும் தாய்தகப்பனுடைய கவலையீனம் அவன் பங்கைக் குறைக்காதா என்றால், கொஞ்சம் குறைக்கும், நீக்கிவிடாது. குழந்தைகள் பாதை பார்த்து ஓடுவதில்லை என்பது அவனுக்கும் தெரிந்ததே.