நிறைவேறா வாக்கும் நேர்மையும்

மூன்றாங் கட்சியின் அபேட்சகருக்கு இடும் வாக்கு ஆற்றிற் கரைத்த புளி என்று சொல்லாத ஊர் இல்லை. வெல்லக்கூடிய இருவருள் தீமை குறைந்தவரைத் தெரிந்துகொள்வதே அறிவுடைமை என்பர். நகரசபைத் தேர்தலென்றால் இவ்வாதம் இன்னும் வலுப்பெறும். வடிகாலும் தெருவிளக்கும் குப்பை வண்டியும் பேசவேண்டிய இடத்திற் கொள்கைக்கு என்ன வேலை என்று கேட்பாரும் உளர். இக்கேள்வியைத் தேர்தற் கணக்காக மட்டுமன்றி ஒழுக்கப் பிரச்சினையாகவும் ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் சியாட்டில் நகரம் நல்லதோர் உதாரணத்தைத் தந்திருக்கிறது.

2013 ஆம் ஆண்டில் அந்நகரசபைக்குப் போட்டியிட்டார் க்ஷமா சாவந்த். பூனாவிற் பிறந்து பம்பாயில் வளர்ந்தவர். பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியை. சியாட்டில் நகரசபைத் தேர்தலில் வாக்குச்சீட்டிற் கட்சியின் பெயர் அச்சிடப்படுவதில்லை. ஆயினும் அவர் தம் நிறத்தை மறைக்கவில்லை. ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி இரண்டும் பெருமுதலாளிகளின் கட்சிகளே என்று கூறி, சோஷலிஸ மாற்று என்னும் சிறிய கட்சியின் சார்பில் நின்றார். எதிரே நின்ற றிச்சர்ட் கொன்லின் 16 ஆண்டுகள் அச்சபையில் அமர்ந்திருந்தவர். சாவந்த் முன்வைத்தவை மூன்று: குறைந்தபட்சக் கூலி மணிக்கு 15 டொலர்; வீட்டு வாடகைக்குக் கட்டுப்பாடு; பொதுப் போக்குவரத்துக்காகச் செல்வந்தர்மேல் வரி. மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலி அப்பொழுது 9 டொலரைச் சற்றே தாண்டியிருந்தது. தேர்தல் இரவில் அவர் பின்தங்கியிருந்தார். பிந்தி எண்ணப்பட்ட வாக்குகளே அவரை முன்னுக்குக் கொண்டுவந்தன. சுமார் 3,000 வாக்குகளால் வென்றார்.

இங்கேதான் நமது கேள்வி பிறக்கிறது. வாடகைக் கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரம் சியாட்டில் நகரசபைக்கு இல்லை. வாஷிங்டன் மாநிலத்தின் 1981 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடுத்திருந்தது. தன் கைக்கு எட்டாத கனியைக் காட்டி வாக்குக் கேட்பது பொய்யன்றோ? வாடகை கொடுக்க வழியற்ற ஒருவனுடைய நம்பிக்கையை வைத்து விளையாடுவது அன்றோ? இதைக் கேட்பவர்கள் எல்லோரும் வீட்டுச் சொந்தக்காரரின் ஏவலாளர் அல்லர். நேர்மையுள்ள மனிதரும் இதைக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

வாக்குறுதியில் இரு வகை உண்டு. 'நான் தருவேன்' என்பது ஒன்று. 'இதற்காகப் போராடுவேன், நீங்களும் வாருங்கள்' என்பது மற்றொன்று. முதலாவது வகை வாக்காளனைக் கையேந்தி நிற்பவனாக்குகிறது. கடன் முழுவதும் தலைவனுடையது. இரண்டாவது வகையிற் கடன் இருவர்மேலும் விழுகிறது. ஆனால் இப்பாகுபாட்டிற் பெரியதோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ஒன்றும் செய்யாத அரசியல்வாதி எவனும் 'போராடினேன், முடியவில்லை' என்று தப்பித்துக்கொள்ளலாம். நம்மூர் மேடைகளில் இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு நமது காதுகள் புளித்துவிட்டன. ஆகவே வேறோர் அளவுகோல் தேவை. மதில் எங்கே நிற்கிறது என்பதை மக்களுக்குச் சொன்னாரா? வென்றபின் அந்த மதிலிற் கை வைத்தாரா? 2015 இல், மாநிலத் தடையை நீக்கவோ திருத்தவோ வேண்டுமென்று கோரும் தீர்மானம் சியாட்டில் நகரசபையில் நிறைவேறியது. அதனை முன்வைத்தவர்களுள் சாவந்தும் ஒருவர். தீர்மானத்தால் எவருடைய வாடகையும் குறையவில்லை என்பது உண்மையே. ஆயினும் தடை இன்னதென்றும் அதை நீக்கவேண்டியவர் இன்னாரென்றும் ஊரறியச் சொல்லப்பட்டுவிட்டது. இதனைப் பொய் என்று கூற என் மனம் இடந்தரவில்லை.

கூலிப் பிரச்சினையோ இதற்கு நேர்மாறான சோதனையைக் கொண்டுவந்தது. அங்கே அதிகாரம் சபையின் கையில் இருந்தது. 2014 ஜூன் 2 ஆம் திகதி 15 டொலர்ச் சட்டம் ஏகமனதாக நிறைவேறியது. ஆனால் அது தவணை முறையில் வந்தது. 500 பேருக்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்திருந்த நிறுவனங்களுக்கு மூன்று அல்லது நான்கு ஆண்டு. சிறிய நிறுவனங்களுக்கு ஏழாண்டு வரை. பயிற்சித் தொழிலாளருக்குக் குறைந்த கூலி கொடுக்கவும் இடமிருந்தது. இவற்றை மாற்றச் சாவந்த் கொண்டுவந்த திருத்தங்கள் தோற்றன. தோற்றபின் அவர் சட்டத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார்.

இது சமரசமா, துரோகமா? நம்மிடையே இத்தகைய விவாதங்கள் நட்புகளையே முறித்திருக்கின்றன. அவர் செய்தது சரி என்பதே என் கருத்து. சமையற்கட்டிற் பாத்திரம் துலக்குபவள் கொள்கையின் தூய்மையைத் தின்று உயிர்வாழ முடியாது. எதிர்த்து வாக்களித்திருந்தால் அவருடைய கை சுத்தமாயிருந்திருக்கும். அவளுடைய கூலியில் ஒரு சதமேனும் ஏறியிராது. அதேவேளை, திருத்தங்களைக் கொண்டுவராமலே கையுயர்த்தியிருந்தால், ஏழாண்டுக் காத்திருப்பு நியாயமானதே என்று ஒப்புக்கொண்டதாக முடிந்திருக்கும். தோற்குமென்று தெரிந்தும் திருத்தத்தை முன்வைப்பது வீண் சடங்கன்று. கொடுக்கப்பட்டதற்கும் கொடுக்கப்பட்டிருக்கவேண்டியதற்கும் உள்ள தூரம் அதனாலேயே பதிவாகிறது.

சபை உறுப்பினருக்குரிய ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட டொலர்ச் சம்பளத்தில் 40,000 மட்டும் தமக்கென எடுத்து, மிகுதியைப் போராட்டங்களுக்குக் கொடுத்தார். இதை வியந்து புகழ்வோர் பலர். எனக்கு இது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. தியாகத்தை மட்டும் கண்டு தலைவரைத் தொழும் வழக்கம் நம்மிடம் ஏற்கெனவே மிகுதி.

குறையையும் சொல்லவேண்டும். பெருநிறுவனங்கள்மேல் வரி கோரும் இயக்கமொன்றுக்கு நகரசபையின் பணத்தையும் வசதிகளையும் பயன்படுத்தியதை 2021 இல் ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்த உடன்பட்டார். நோக்கம் நல்லதென்பது இதற்கு விடையாகாது. பொதுப்பணம் எதிரியின் கையிலும் அப்படியே பயன்படலாம் என்பதை நாம் மறக்கலாகாது. அவ்வாண்டு டிசம்பரில் அவரைப் பதவியிலிருந்து நீக்க நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 300 வாக்குகளாலேயே தப்பினார்.

2023 பெப்ரவரியில், அவர் கொண்டுவந்த பிரேரணையால், சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தாற் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமாயிற்று சியாட்டில். ஆதரவு 6, எதிர்ப்பு 1. 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் நடந்ததை அறிந்த நமக்கு, கடல் கடந்தும் சாதி உடன்சென்றதில் ஆச்சரியமில்லை. வடிகாலையும் தெருவிளக்கையும் பேசவேண்டிய சபை இதைப் பேசலாமா என்று அங்கும் கேட்டிருப்பார்கள்.

வாடகை விஷயம் மிஞ்சியிருக்கிறது. 2025 இல் வாஷிங்டன் மாநிலமே சட்டமியற்றி, ஆண்டு வாடகை உயர்வு பொதுவாக 10 சதவீதத்தைத் தாண்டலாகாதென்று வரம்பிட்டது. அதற்காகப் பாடுபட்டோர் பலர். அப்பெருமையை ஒருவர் தலையிற் சூட்டுவது தவறு. அவ்வரம்பும் குறைந்த கூலிக்காரனுக்குப் பெரிய ஆறுதலன்று. சாவந்த் அப்பொழுது சபையில் இருக்கவில்லை. மீண்டும் போட்டியிடாமல் 2023 ஆம் ஆண்டின் முடிவோடு பதவியை விட்டு நீங்கியிருந்தார்.