நாற்காலியில் இருப்பவருக்காக என்ன வேண்டுவது?

ஸ்னூக்கரில் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கும்போது மற்றவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து தடுக்க முடியாது, பந்தைத் தொட முடியாது, வாய் திறக்கவும் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், துண்டால் கோலைத் துடைக்கலாம். எதிராளி தவறினால்தான் அவருக்கு முறை வரும். கிரிக்கெட்டில் பந்து வீசுபவனுக்கு மட்டையாளனை வீழ்த்த வழியுண்டு. சதுரங்கத்தில் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பதில் நகர்த்தல் உண்டு. இங்கே கருப்புப் பந்தும் சிவப்புப் பந்தும் ஒவ்வொன்றாகக் குழிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், அவ்வளவுதான்.

அந்த நாற்காலியில் இருப்பவர்மீது நாம் அன்பு வைத்துவிட்டால், அவருக்காக எதை வேண்டிக்கொள்வது? 'அவர் ஜெயிக்க வேண்டும்' என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்தில் அந்த வேண்டுதலுக்கு ஒரே பொருள்தான் உண்டு: மேசையருகே குனிந்து நிற்கும் மனிதனின் கை பிசக வேண்டும். இன்னொருவன் தவற வேண்டுமென்று கடவுளிடம் கேட்கலாமா? ஷெஃபீல்டு நகரத்தின் குரூசிபிள் அரங்கில் நடக்கும் உலகப் போட்டியைத் தொடர்ந்து பார்த்துவருகிறவன் நான். இந்தக் கேள்வியை லேசானதாக நினைத்து என்னால் ஒதுக்க முடியவில்லை.

என் அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு கிளப்பில் மார்க்கராக இருந்தார். பில்லியர்ட்ஸ் அறையில் மதிப்பெண் பலகையைத் தள்ளுவது, விழுந்த வண்ணப் பந்தை எடுத்து அதனதன் புள்ளியில் வைப்பது, பச்சைத் துணியைத் தூரிகையால் ஒரே திசையில் நீவிவிடுவது, அதற்கென்றே உள்ள இஸ்திரிப் பெட்டியால் தேய்ப்பது எல்லாம் அவர் வேலை. மலையில் பனி இறங்கினால் துணி ஈரம் குடித்து, பந்து ஓடாது. அதனால் அவர் பெட்டியைச் சூடுபண்ணிக்கொண்டே இருப்பார். ஊட்டிக்கு இந்த ஆட்டத்தோடு பழைய உறவு. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற இளம் ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த விளையாட்டுக்கு, 1882இல் ஊட்டி கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்பார்கள். அப்பாவுக்கு இந்த வரலாற்றில் பெரிய அக்கறை இல்லை. அவருக்கு இருந்ததெல்லாம் ஒரு கண்டிப்பு. யாராவது எளிய பந்தைத் தவறவிட்டால், மார்க்கரின் முகத்தில் எதுவும் தெரியக்கூடாது. சந்தோஷமும் கூடாது, பரிதாபமும் கூடாது. வேலைக்கான ஒழுக்கமாகத்தான் அதைச் சொன்னார். அதற்குள் ஒரு தருமம் இருந்ததாக எனக்கு இப்போது தோன்றுகிறது.

நான் முதலில் மனம் கொடுத்த ஆட்டக்காரர் ஜிம்மி வைட். லண்டன்காரர், இடக்கையர், மக்களின் செல்லப்பிள்ளை. உலகப் போட்டியின் இறுதியாட்டத்துக்கு ஆறு முறை வந்து ஆறு முறையும் தோற்றவர். 1984இல் ஸ்டீவ் டேவிஸிடம், 1991இல் ஜான் பேரட்டிடம், மற்ற நான்கு முறையும் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் ஹென்றியிடம். 1992இல் அதே போட்டியின் முதல் சுற்றில் 147 அடித்தார். ஒரு பிரேமில், அதாவது ஒரு தனிச் சுற்றில், சிவப்புகளையும் கருப்புகளையும் மாற்றி மாற்றி இறக்கி, பின் மீதி வண்ணங்களையும் முடித்தால் வரும் உச்ச எண் அது. குரூசிபிளில் அதற்குமுன் ஒருவர்தான் அதைச் செய்திருந்தார். அந்த ஆண்டின் இறுதியாட்டத்தில் 14–8 என்று முன்னிலையில் நின்றார். ஹென்றி அடுத்தடுத்துப் பத்து பிரேம்களை எடுத்து 18–14 என்று முடித்தார்.

1994 இதைவிடக் கொடுமை. மே 2, ஜிம்மியின் முப்பத்திரண்டாவது பிறந்தநாள். 17–17 என்று சமநிலை, ஒரே ஒரு பிரேம் பாக்கி. ஜிம்மி முன்னிலையில் இருக்கிறார். கருப்புப் பந்து அதன் புள்ளியிலேயே இருக்கிறது. தூக்கத்தில்கூட இறக்கக்கூடிய அடி. தவறினார். நாற்காலியிலிருந்து ஹென்றி எழுந்து வந்து 58 அடித்தார், கோப்பையை எடுத்துக்கொண்டார். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தில் முடிவை மட்டும் படித்தவன், பல வருடங்கள் கழித்துத்தான் பதிவைப் பார்த்தேன். முடிவு தெரிந்திருந்தும், அந்தக் கருப்பு உள்ளே போய்விடாதா என்று மனம் அடித்துக்கொண்டது. நடந்து முடிந்ததை மாற்றச் சொல்லி வேண்டும் மனத்துக்கு எந்தச் சமயமும் மருந்து வைத்திருப்பதாகத் தெரியவில்லை.

பிறகுதான் ஹென்றியின் பக்கத்தையும் படித்தேன். அந்தப் போட்டியின் நடுவில் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடது முழங்கையில் எலும்பு முறிவோடு அவர் ஆடியிருக்கிறார். நான் யாருடைய தவறுக்காக ஏங்கினேனோ, அவருடைய கை ஏற்கெனவே முறிந்திருந்தது.

2018ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் வேல்ஸின் மார்க் வில்லியம்ஸும் ஸ்காட்லாந்தின் ஜான் ஹிக்கின்ஸும் மோதினார்கள். இருவரும் 1975இல் பிறந்தவர்கள். சமகால ஆட்டக்காரர் ரானி ஓசல்லிவனோடு சேர்ந்து மூவருமே 1992இல் தொழில்முறை ஆட்டக்காரர்களானவர்கள். வில்லியம்ஸ் சுரங்கத் தொழிலாளியின் மகன். ஜிம்மிக்குப் பிறகு என் மனம் போய் ஒட்டிக்கொண்டது அவரிடம். அன்று கடைசி அமர்வை 15–10 என்று தொடங்கினார். ஹிக்கின்ஸ் தொடர்ந்து ஐந்து பிரேம் எடுத்து 15–15 ஆக்கினார். பின் 17–15. கோப்பைக்கு ஒரு ரோஸ் பந்துதான் பாக்கி. வில்லியம்ஸ் அதைத் தவறவிட்டார். ஹிக்கின்ஸ் எழுந்து ஒவ்வொரு பந்தாக இறக்கத் தொடங்கினார். இங்கே பின்னிரவு. கைபேசியைப் பிடித்துக்கொண்டு நான் ஏதோ முணுமுணுத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த மனைவி பக்கத்தில் நின்று கேட்டாள்:

"ஏங்க, அந்த ஆளு தப்பு பண்ணணும்னா முருகன்கிட்ட கேக்கறீங்க? அவருக்கும் வீட்டுல யாராவது சாமி கும்பிட்டுட்டு இருப்பாங்கல்ல?"

ஹிக்கின்ஸ் தவறவில்லை. 65 அடித்து அந்த பிரேமை எடுத்தார். அடுத்த பிரேமில் வில்லியம்ஸ் வென்று, தன் 43ஆவது வயதில் உலகப் பட்டத்தை மீண்டும் அடைந்தார். அந்த மகிழ்ச்சியிலும் அவள் கேட்டது என்னை விடவில்லை.

இதெல்லாம் விளையாட்டு, யாருக்கு என்ன கேடு என்று சொல்பவர்கள் உண்டு. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை சேரும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். புத்தர் இன்னும் ஒரு படி போய், சேதனையே, அதாவது எண்ணிச் செயல்பட முனையும் மனமே கருமம் என்றார். ஷெஃபீல்டில் நடுங்கும் கையை நீலகிரியில் இருந்துகொண்டு நான் நடுங்க வைக்க முடியாது. ஆனால் என் மனத்தை நான் எப்படிப் பழக்குகிறேன் என்பது என் கையில்தான் இருக்கிறது. வருடாவருடம் பதினேழு நாள் ஒருவன் தவற வேண்டுமென்று காத்துக் கிடக்கும் மனம், பக்கத்து வீட்டுப் பையனின் தேர்வு முடிவு வரும் நாளில் என்ன நினைக்கும்?

ஒரு வேறுபாட்டைப் பார்த்துக்கொண்டால் வழி கிடைக்கிறது. நம் ஆள் மேசையில் இருக்கும்போது, வெள்ளைப் பந்தை இன்னொரு பந்துக்குப் பின்னால் ஒளித்துவைத்து, எதிராளி நேராக அடிக்க முடியாதபடி செய்யலாம். ஆட்டத்தின் பெயரையே தாங்கிய திறமை அது. அவர் அதை நன்றாகச் செய்யட்டும் என்று விரும்புவதில் குற்றமில்லை. அது எதிராளிக்கு வைக்கும் சோதனை. அவரும் தன் திறமையால் அதிலிருந்து வெளியே வரலாம். நாற்காலியில் இருந்தபடி, காரணமே இல்லாமல் அவருடைய கை பிசகட்டும் என்று விரும்புவது வேறு. அதில் நம் ஆளுடைய உழைப்பு எதுவும் இல்லை. 1994இல் கருப்பு தவறியதில் ஹென்றிக்குப் பங்கில்லை. ஆனால் அதற்குப் பின் வந்த 58 முழுக்க அவருடையது. முறிந்த கையோடு அந்த நாற்காலியில் அவர் தன்னைத் தயாராக வைத்திருந்தார். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினை உடைமைக்கு ஓர் அதிகாரமும் வைத்தது முரண்பாடு என்று பள்ளியில் விவாதித்திருக்கிறோம். நாற்காலியைப் பார்த்தால் முரண் தெரியவில்லை. முறை எப்போது வரும் என்பது ஊழ். வரும்போது எப்படி எழுந்து போகிறோம் என்பது ஆள்வினை.

1985இல் டென்னிஸ் டெய்லர் இறுதியாட்டத்தின் முதல் எட்டு பிரேம்களையும் ஸ்டீவ் டேவிஸிடம் இழந்தார். கடைசி பிரேமின் கடைசிக் கருப்புப் பந்து வரை ஒருமுறைகூட முன்னிலைக்கு வரவில்லை. நள்ளிரவு தாண்டி, பிரிட்டனில் ஒரு கோடியே எண்பத்தைந்து லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒரு பந்தை இருவரும் மாறி மாறித் தவறவிட்டார்கள். கடைசியில் டேவிஸ் தவறியபோது டெய்லர் எழுந்து போய் இறக்கினார். எட்டுக்குப் பூச்சியத்தில் அந்த மனிதர் நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்பதுதான் எனக்குக் கோப்பையைவிடப் பெரிதாகப் படுகிறது. அந்த உட்கார்தலுக்காக வேண்டலாம். நம் ஆள் உடைந்துபோகாமல், வெறுப்பில் விழாமல், முறை வரும் நொடிக்குக் கையும் கண்ணும் ஆயத்தமாக இருக்கட்டும் என்று வேண்டலாம். எதிராளியின் வீட்டில் சாமி கும்பிடுபவர்களும் இதையே அவருக்காகக் கேட்கலாம். இரண்டு வேண்டுதலும் ஒன்றை ஒன்று அழிக்காது.

ஆட்டக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். குறி வைக்காத பந்து தற்செயலாகக் குழியில் விழுந்துவிட்டால், அடித்தவர் கையை உயர்த்தி எதிராளியிடம் மன்னிப்புக் கேட்பார். நடுவர் கவனிக்காத தவறைத் தானே சொல்லி, எதிராளிக்குப் புள்ளியை விட்டுக்கொடுப்பதும் இந்த ஆட்டத்தின் மரபு. அதிர்ஷ்டத்துக்காக மன்னிப்புக் கேட்கும் வேறு ஆட்டம் எத்தனை இருக்கிறது? எங்கள் அப்பாவின் சலனமற்ற முகம் இந்த மரபோடு சேர்ந்ததுதான்.

ஆனால் இந்தப் பதிலும் ஓர் இடத்தில் தடுமாறுகிறது. பால் ஹண்டர் என்ற லீட்ஸ் நகரத்து இளைஞர், மாஸ்டர்ஸ் என்ற இன்னொரு போட்டியின் பட்டத்தை மூன்று முறை வென்றவர். மூன்றுமே 10–9 என்று கடைசி பிரேமில். 2005இல் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கிடையே 2006இல் குரூசிபிளுக்கு வந்து, முதல் சுற்றில் நீல் ராபர்ட்சனிடம் 10–5 என்று தோற்றார். அந்த அக்டோபரில் இறந்தார். 28 வயது முடிய ஐந்து நாள் இருந்தது. ஆயத்தமாக இரு என்று அவரிடம் சொல்லியிருந்தாலும் உடம்பு அதற்கு இடம் கொடுத்திருக்காது. அந்த ஆட்டத்தில் ராபர்ட்சன் தவற வேண்டுமென்று யாராவது ஏங்கியிருந்தால், அந்த ஏக்கத்தைப் பாவம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அது ராபர்ட்சனுக்கு எதிரானதே இல்லை. சாவுக்கு எதிரான வேண்டுதல், போக வேறு இடமில்லாமல் அந்த மேசைக்கு வந்திருக்கிறது.

2025இல் ஐம்பது வயது வில்லியம்ஸ் மறுபடி இறுதியாட்டத்துக்கு வந்தார். குரூசிபிளில் அந்த வயதில் அதற்குமுன் யாரும் இறுதிக்கு வந்ததில்லை. எதிரே சீனாவின் ஷாவோ ஷின்டாங். சூதாட்ட முறைகேட்டில் சம்பந்தப்பட்டு இருபது மாதத் தடை அனுபவித்து, தகுதிச் சுற்றுகளிலிருந்து ஏறி வந்தவர். 17–8 என்று இருந்த நிலையில் வில்லியம்ஸ் தொடர்ந்து நான்கு பிரேம்கள் எடுத்தார். அந்த நான்கு பிரேம்களில் பழைய வேண்டுதல் நியாயத்தின் உடையை உடுத்திக்கொண்டு வந்து நின்றது: 'தடைபெற்றவன்தானே, தவறட்டும்.' தண்டனையை ஒருவன் முடித்துவிட்டால் அது முடிந்துவிட்டது. மீதியை வசூலிக்கும் உரிமை பார்வையாளனுக்கு இல்லை. அதை எனக்கே உரக்கச் சொல்லிக்கொண்டேன். ஷாவோ 18–12 என்று வென்று, ஆசியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார். நான் கைதட்டினேன். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்று பெரியவர்கள் வகுத்த நான்கில், பிறர் ஆக்கத்தில் மகிழும் முதிதைதான் ஆகக் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. அன்று நான் தட்டியது முதிதையால்தானா, அப்பா வளர்த்த பழக்கத்தாலா என்று மனைவியிடமும் கேட்டேன். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.