ஊழியமா? பணிவிடையா?





பணிவிடை என்ற சொல் அன்பர்களின் வாயில் நாள்தோறும் வருகிற சொல். காலையிலும் மாலையிலும் உகப்படிப்பு, நண்பகலில் உச்சிப்படிப்பு என்று தாங்கல்களில் நடப்பது பணிவிடை. வாசல் பெருக்குவதும் விளக்குத் துலக்குவதும் அன்னதர்மத்துக்கு அரிசி களைவதும் பந்தி முடிந்தபின் தரையைத் துடைப்பதும் பணிவிடைதான். இதற்குக் கூலி கிடையாது. செய்கிறவருக்கு மனம் நிறைகிறது, அவ்வளவே.

கூலி கிடையாத வேலை இன்னொன்று இருந்தது. அதன் பெயர் ஊழியம். இன்று அந்தச் சொல்லைப் பலரும் நல்ல பொருளில் சொல்கிறார்கள். அய்யா வைகுண்டர் இருந்த காலத்துத் திருவிதாங்கூரில் அது கொடுமையின் பெயர். அதிகாரி ஏவினால் சுமை சுமக்க வேண்டும். பனையில் விளைந்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வயலில் இறங்க வேண்டும். கூலி கேட்கக் கூடாது, அதற்குமேல் தலைவரியும் கட்ட வேண்டும். சான்றோர் மக்கள் அந்நாளில் பட்ட பாட்டை அகிலத்திரட்டு அம்மானை விரித்துச் சொல்லும் இடத்தை வாசித்தால், ஏட்டைக் கேட்டிருக்கும் பெரியவர்கள் இன்றும் கண் கலங்குவார்கள்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சுமப்பவன் தோளில் இருப்பது அதே சுமை. அப்படியானால் வேறுபாடு எங்கே? "இன்றைக்கு என்னால் முடியவில்லை" என்று சொல்ல முடிந்தால் அது பணிவிடை. அப்படிச் சொன்னால் ஏச்சோ அடியோ கிடைக்கும் என்றால் அது ஊழியம். இந்த உரைகல்லை வைத்து ஒவ்வொரு வீட்டு அடுப்படியையும் உரசிப் பார்க்கலாம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், சாக்கோட்டையை அடுத்திருக்கும் புதுவயல் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். ஆலை வேலை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொட்டியில் ஊறிய நெல்லை விடியும் முன்பே அவித்து, வெயில் வரும்போது களத்தில் கொட்டிப் பரப்புவார்கள். வெயில் ஏற ஏறக் காலால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரம் 100-க்கு 14 பங்கு அளவுக்கு இறங்கினால்தான் நெல் அரைவைக்குப் பக்குவம். ஈரம் கூடினாலும் குருணை, அதிகம் காய்ந்தாலும் குருணை. திடீரென்று மழை இருட்டினால் ஆணும் பெண்ணும் ஓடிவந்து நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். அந்த நேரத்தில் இது ஆம்பிளை வேலை, இது பொம்பிளை வேலை என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

மழை விட்டு வீட்டுக்குப் போனதும் அந்தப் பிரிவினை வந்துவிடுகிறது.

இப்படி ஆலையை நம்பி வாழ்ந்த ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால், கணவன் 75 கிலோ நெல் மூட்டையை முதுகில் ஏற்றியவர், மனைவி களத்தில் நெல் கிளறியவர். இருவரும் ஒரே வெயிலில் நின்றவர்கள். ஆனால் அவர் எழுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்த அம்மாள் எழுந்து உலை வைத்திருப்பார். சாயங்காலம் அவர் திண்ணையில் சாயும்போது அந்த அம்மாள் மறுபடி அடுப்படிக்குள் போவார். 30 ஆண்டு இப்படியே ஓடுகிறது. பிள்ளைகள் படித்து திருப்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள். இளமையில் இதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. உடம்பில் தெம்பு இருக்கிறது, பிள்ளைகளை ஆளாக்க வேண்டும் என்ற வேகம் இருக்கிறது.

கணக்கு வருவது 50 வயதைத் தாண்டியபின். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்கிறது, மூட்டை ஏறவில்லை. அந்த அம்மாளுக்கு முழங்கால் வீங்குகிறது. உலர்த்தும் இயந்திரமும் சார்டெக்ஸ் இயந்திரமும் வந்த ஆலைகளில் களத்து வேலைக்கு முன்போல ஆள் தேவைப்படுவதும் இல்லை. ஒருநாள் அவர் வேலையிலிருந்து நின்றுவிடுகிறார். ஆலையில் இத்தனை ஆண்டு மேஸ்திரிக்குக் கீழே வேலை பார்த்தவர், அன்று முதல் வீட்டில் மேஸ்திரி ஆகிறார். தேங்காய் ஏன் இரண்டு மூடி, இந்த நேரத்தில் யாரிடம் போனில் பேச்சு, காப்பி ஏன் ஆறிப்போனது என்று காலையிலிருந்து கேள்வி. பகல் முழுதும் ஒரே கூரையின் கீழ் இருவரும் இருப்பது கல்யாணமான நாளிலிருந்து அதுவே முதல் தடவை என்பது அவர்களுக்கே தோன்றுவதில்லை. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த அம்மாளுக்கு மட்டும் ஓய்வு என்று ஒன்று வரவில்லை. வேலை கூடியிருக்கிறது.

செட்டிநாட்டு ஊர்களுக்கு இது புதிதும் அல்ல. நகரத்தார் வீட்டு ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று மூன்று ஆண்டுக் கணக்கில் கடல் கடந்து போனார்கள். அத்தனை பெரிய வீடுகளை நெல் அளப்பது முதல் கல்யாணம் காட்சி வரை கட்டிக் காத்தவர்கள் ஆச்சிமார்தான். 1942-ல் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தபோது பலர் தொழிலையும் முதலையும் விட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். சம்பாதித்தவர் கை வெறுங்கையான அந்த நாளில் வீடு விழாமல் நின்றதற்குக் காரணம், கணக்கில் எழுதப்படாத அந்தப் பெண்களின் வேலை. இன்று காரைக்குடிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த வீட்டுக்கு நிஜத் தூண் எது என்று யார் கேட்கிறார்கள்!

அய்யா வழியில் இல்லறம் குறைந்த நிலை அல்ல. காட்டுக்கு ஓடு, காவி கட்டு என்று அய்யா மக்களிடம் சொல்லவில்லை. சம்பூரணதேவனும் பரதேவதையும் முத்துக்குட்டியாகவும் திருமாலம்மாளாகவும் பிறந்து, இல்லறத்தில் வாழ்ந்ததை அகிலம் சொல்கிறது. 1809-ல் பிறந்த அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர் வைத்த முடிசூடும் பெருமாள் என்ற பெயரைக்கூட மேல்சாதியார் பொறுக்கவில்லை. அதனால்தான் முத்துக்குட்டி என்று பெயர் மாறியது. அவர் பனையேறியும் வயலில் கூலிவேலை செய்தும் பிழைத்தவர். திருமாலம்மாள் முன்பே ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு, அவரை விட்டு வந்து முத்துக்குட்டியோடு குடும்பம் நடத்தியவர் என்பதை அகிலம் ஒளிக்கவில்லை. ஒரு பெண்ணின் பழைய வாழ்க்கையை 30 ஆண்டு கழித்தும் குத்திக் காட்டுகிற ஆண்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பனைத்தொழிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண் ஏறி இறக்கும் பதனீரை அன்றன்றைக்கே காய்ச்சியாக வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுப்போகும். விறகு பொறுக்கி, அடுப்பின் முன் வெந்து, கருப்பட்டியாகக் காய்ச்சி எடுப்பவர் வீட்டுப் பெண். மரத்தின் உச்சியில் பாதித் தொழில், அடுப்பின் முன் மீதித் தொழில். ஏறினவர் மட்டும் தொழிலாளி, காய்ச்சினவர் வீட்டில் சும்மா இருந்தவர் என்று பனங்காட்டில் யாராவது சொன்னால் சிரிப்பார்கள்.

அய்யா சிறையிலிருந்து வந்தபின் மக்கள் மேற்கொண்ட துவையல் தவசை அன்பர்கள் அறிவார்கள். 700 குடும்பத்தார் கடலோரத்தில் வாகைப்பதியில் தங்கி, ஒருவேளை உண்டு, மூன்றுவேளை குளித்து, உடுத்த துணியைத் துவைத்துத் தவம் இருந்தார்கள். இதில் இரண்டைக் கவனிக்க வேண்டும். தவத்துக்குப் போனவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகவில்லை, குடும்பத்தோடு போனார்கள். இரண்டாவது, அந்தத் தவத்துக்குப் பெயரே துணி துவைப்பதிலிருந்து வந்தது. வேட்டி துவைப்பது ஆணுக்கு இழிவு என்றால், அய்யா ஆண்களைச் சேர்த்து அந்தத் தவத்தில் ஏன் நிறுத்த வேண்டும்?

தாங்கலில் 200 பேருக்குச் சோறு வடிக்கும் ஆண்கள் இருக்கிறார்கள். அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்ப்பவர்களும் அவர்கள்தான். அதே கை வீட்டில் தான் சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவுவதில்லை. இதைப் பெண்கள் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வது ஆண்களுக்கு வசதியாக இருக்கிறது. பணிவிடைக்கு நிற்கும் ஆண் தலைப்பாகை கட்டுவது, தான் எவனுக்கும் அடிமையில்லை என்று காட்ட. வீட்டுக்குள் இன்னொருவரை அடிமையாக வைத்துக்கொண்டு கட்டினால் அந்தத் துணிக்கு என்ன பொருள்? தோள்சீலை போட உரிமை கேட்டு முன்னோர் வீட்டுப் பெண்கள் அடிபட்டார்கள், 1859-ல்தான் அதற்கு அரசின் ஆணை வந்தது. அந்த மானத்துக்காகப் போராடிய கூட்டத்தின் பேரப்பிள்ளைகள், தெருவில் நாலுபேர் முன்னால் மனைவியை ஏசுவது பெரிய கொடுமை. குடித்துவிட்டு வந்து ஏசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

காலம் இதை மெல்ல ஒப்புக்கொண்டு வருகிறது. வெளிநாட்டில் சம்பாதித்த கணவன், ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட மனைவி, இவர்களுக்கிடையே வந்த சொத்து வழக்கொன்றில் 2023 ஜூன் மாதம் சென்னை உயர்நீதிமன்றம், அவர் சம்பாதிக்க முடிந்ததே இவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான், ஆகவே மனைவிக்கும் சொத்தில் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. விடுமுறையே இல்லாத வேலை என்று வீட்டுவேலையை நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது, அதற்கு உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்று வைத்தது. அந்த ஆயிரம் வங்கிக்கு வந்த அன்றே அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகும் கணவன்மார் இருக்கிறார்கள். அது வரி வசூல்.

பெண்களும் கேட்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. இளமையில் கணவன் சொல்லியிருப்பார், "வீட்ல சும்மாதானே இருக்க." அவர் வேலையிலிருந்து நின்றபின் அந்தச் சொல் திரும்பி வருகிறது: "சும்மாதானே இருக்கீக, இந்தக் குடத்த எடுத்து வச்சா என்ன?" கேட்டது தண்ணீர்க் குடம்தான். ஆனால் வருமானம் நின்ற மனிதனுக்கு அந்தச் "சும்மா" ஆணிபோல இறங்குகிறது. பிள்ளைகளும் அவரைக் கேட்காமலே எல்லாம் முடிவு செய்யத் தொடங்குகிறார்கள். இடுப்பு வலியைவிட அது அவரைச் சாய்த்துவிடும். அவர் மேஸ்திரி வேடம் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், வேறு மதிப்பு அவருக்கு மிச்சமில்லை. முத்துக்குட்டியும் நோயில் விழுந்து, உழைக்க முடியாமல் படுத்துக் கிடந்தார். உழைக்காதவர் என்று உற்றார் தள்ளிவிடவில்லை. தாயும் சுற்றத்தாரும் அவரைத் திருச்செந்தூர்க் கடற்கரைக்குச் சுமந்து போனார்கள். கொல்லம் 1008, மாசி 20 அன்று அந்தக் கடலிலிருந்து வந்தவரைத்தான் இன்று அய்யா என்று அழைக்கிறார்கள்.

ஆகையால் அவருக்கு ஏவல் வேண்டாம், பங்கு வேண்டும். குடம் எடுக்கச் சொல்வதற்குப் பதிலாக "தண்ணி உங்க பொறுப்பு" என்று விட்டுவிட்டால் அவர் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தை அந்த அம்மாளைவிட நன்றாகத் தெரிந்துவைத்துக்கொள்வார். ரேஷன் கடை வரிசை, கரண்ட் பில், முழங்காலுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, காலைக் காப்பி, இவை மூட்டை தூக்கும் வேலைகள் அல்ல. முதல் வாரம் காப்பி வாயில் வைக்க முடியாது. அதைச் சொல்லாமல் குடித்துவிடுவதும் ஒரு பொறுமைதான். அவர் செய்வதில் குற்றம் கண்டு "விடுங்க, நானே செஞ்சுக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டால் மறுநாளிலிருந்து அவர் திண்ணைக்கே போய்விடுவார்.

கணவன் பக்கம் செய்ய வேண்டியது இன்னும் எளிது. "உனக்கு இன்னைக்கு முடியுமா?" என்று ஒருமுறை கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, முடியாது என்ற பதில் வந்தால் முகம் கோணாமல் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கடினம்.

கார்த்திகையில் திருஏடு வாசிப்பு வருகிறது. திருக்கல்யாண இகனை வாசிக்கும் நாளில் பெண்கள் ஆசையோடு வந்து உட்காருவார்கள். பாதி வாசிப்பில் ஒவ்வொருவராக எழுந்துபோவார்கள். கேட்டால், வீட்டில் உலை வைக்க வேண்டும் என்பார்கள். இந்த ஆண்டு அந்த ஒருநாளாவது உலையை ஆண்கள் வைக்கட்டும். குழம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைக் காலையிலேயே வைத்துவிட்டுத்தான் அவர்கள் கிளம்பியிருப்பார்கள்.

அய்யா உண்டு.