கேளாமற் கூறும் தீர்ப்பு

இணையத்தளமொன்றின் தேடற்பெட்டியில் ஒருவர் இடும் இரண்டொரு சொற்களைக் கொண்டே அவருடைய மொழி இன்னதெனக் கணினி துணிகிறது. அத்துணிபின்படி பக்கங்களையும் அவர்முன் விரிக்கிறது. ஆங்கிலம் அறியாத முதியவர் ஒருவருக்கு இது பேருதவியே. ஆயினும், ஒருவரைக் கேளாமலே அவரது மொழியைத் தீர்மானிக்கும் உரிமை பிறர்க்கு உண்டோ என்னும் வினாவை நாம் எழுப்பவேண்டியுள்ளது.

இம்முறையின் அடிப்படை எளிது. ஒவ்வொரு மொழியிலும் குறிப்பிட்ட சில எழுத்துத் தொடர்கள் அடிக்கடி வரும். அவற்றை எண்ணிப் பட்டியலிட்டு, புதிய வாசகத்தை அப்பட்டியலோடு ஒப்பிடுவர். கவ்னர், டிரெங்கிள் ஆகிய இருவரும் 1994இல் விளக்கிய வழி இது. நீண்ட வாசகத்தில் இது நன்கு பயன்படும். இரண்டு சொற்களிலோ எண்ணுவதற்கே போதிய எழுத்துக்கள் இல்லை.

தமிழ் எழுத்தில் எழுதினாற் சிக்கல் குறைவு. ஆனால், அச்சுவேலி மாணவி ஒருத்தி தன் ஊர்ப்பெயரையும் ‘சந்தை’ என்ற சொல்லையும் ஆங்கில எழுத்துக்களில் இடுகிறாள் என்று கொள்வோம். அவ்வூர்ப்பெயரையே ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவர். அவள் நினைத்தது தமிழில். எழுத்தை மட்டும் கண்ட இயந்திரமோ ஆங்கிலம் என்று கொள்ளக்கூடும். எழுத்தை விட்டு நாட்டைச் சான்றாகக் கொண்டால், பெரும்பான்மையினரின் மொழியான சிங்களமே அவள்முன் வரும். 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தால் ஒதுக்கப்பட்ட தமிழ், 1987இல் பதின்மூன்றாந் திருத்தத்தின் மூலமே அரசகரும மொழியாயிற்று. சட்டம் ஏற்ற அவ்விடத்தை ஒரு கணக்கீடு ஓசையின்றி மறுத்துவிடலாம்.

இஃது அற்ப விடயம் என்பாரும் உளர். நம் நாட்டின் வரலாறு அவ்வாறு கருத இடந்தரவில்லை. 1983 யூலை வன்செயலின்போது பஸ்களை மறித்தோர், வாளியைக் குறிக்கும் ‘பால்திய’ என்னும் சிங்களச் சொல்லைப் பயணிகளை உச்சரிக்கச் செய்தனர். அதன் முதலொலி தமிழர் நாவுக்கு எளிதில் வாய்ப்பதன்று. தடுமாறியோர் கொல்லப்பட்டனர். ஒரு சொல்லே ஓர் உயிருக்குத் தீர்ப்பாயிற்று.

கணினியைக் கொலைஞரோடு ஒப்பிடுவது நம் நோக்கமன்று. உதவுவதற்காக மொழியை அறிவதும் ஒதுக்குவதற்காக அறிவதும் முற்றிலும் வேறானவை. எனினும், அறியும் கருவி இரண்டிற்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். இன்று பக்கம் காட்டுவதற்காகக் குறித்துக்கொண்ட ‘இவர் தமிழர்’ என்னும் குறிப்பு, நாளை யார் கையில் எதற்குப் பயன்படும்?

ஆகவே, ஊகம் முற்பட வரலாம். முடிவு அவரவர் வாயிலிருந்தே வரவேண்டும். ‘தமிழ்’ என்ற சொல் தமிழெழுத்திலேயே பக்கத்தின் தலையில் நிற்கட்டும். ஒருவர் ஒருமுறை தேர்ந்த மொழியை இயந்திரம் மாற்றாதிருக்கட்டும். வேலை முடிந்ததும் ஊகம் அழிக்கப்படட்டும். இவற்றைக் கோருவதற்குக் கணினி நிபுணராயிருக்க வேண்டியதில்லை. மாணவர்க்குத் தமிழில் தட்டெழுதப் பழக்கும் ஆசிரியர்கள், இக்கோரிக்கையையும் அவர்களுக்குக் கற்பித்தல் தகும்.