கூலியும் கொல்லாமையும்

சென்ற தை மாதத்தில் மாதனூரில் நம் வீட்டுக் கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டது. வீட்டில் காதணி விழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆரணியிலிருந்தும் வந்தவாசியிலிருந்தும் உறவினர் வரவிருந்தனர். ஆகவே அவசரம். இருவர் வந்து பார்த்தனர். முதலாமவர் அக்கம்பக்கத்தில் பல ஆண்டுகளாக இவ்வேலையைச் செய்துவருபவர். வாளியும் கயிறும் மண்வெட்டியும் போதும், தாமே உள்ளே இறங்கி அடிவண்டல் வரை வாரிவிடுவதாகச் சொல்லி 1,500 ரூபாய் கேட்டார். இரண்டாமவர் கழிவுநீர் உறிஞ்சும் லாரி வைத்திருப்பவர்; உரிமம் பெற்றவர். பயிற்சி பெற்ற இரண்டு ஆட்கள், வாயு அளக்கும் கருவி, நீண்ட குழாய் ஆகியவற்றோடு வருவதாகவும், எவரும் உள்ளே இறங்கமாட்டார்கள் என்றும் சொல்லி 6,000 ரூபாய் கேட்டார். ஒரே குழிக்கு நான்கு பங்கு பணமா என்ற பேச்சு வீட்டில் உடனே எழுந்தது. அப்பேச்சில் நம் குரலும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

தொழில் தெரிந்தவருக்குக் கூடுதலாகக் கொடுப்பது ஏன் தகும் என்று கேட்டால் வழக்கமான விடை ஒன்று உண்டு. அரைகுறையாகத் தெரிந்தவர் செய்த வேலை மறுபடியும் செலவு வைக்கும் என்பது அது. கட்டிய மறு ஆண்டே தளம் ஒழுகக் கண்டவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது வணிகக் கணக்கு. நம் தொட்டி விஷயத்தில் அக்கணக்கு உதவவில்லை. 1,500 ரூபாய் கேட்டவரும் தொட்டியைக் காலிசெய்துதான் கொடுத்திருப்பார். விழாவும் குறைவின்றி நடந்திருக்கும். அப்படியானால் எஞ்சிய 4,500 ரூபாய் எதற்கு விலை? ஒரு மனிதர் குழிக்குள் இறங்காமல் இருப்பதற்கு விலை. இவ்வாறு பார்க்கும்போது இது செலவைப் பற்றிய கேள்வியாக இல்லை. சிராவகர் ஏற்ற அஹிம்சா அநுவிரதத்தைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

குழிக்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மூடிக்கிடக்கும் தொட்டியில் கழிவு காற்றின்றி அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகின்றன. பின்னது காற்றைவிடக் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கும். வண்டலைக் கிளறியவுடன் அதனுள் அடைபட்டிருந்த வாயுவும் பொங்கி எழும். அளவு சிறிதாயின் அழுகிய முட்டை நாற்றம் வீசும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 100 பங்கை எட்டிவிட்டால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் வாயு அகன்றுவிட்டதாக எண்ணிக்கொள்வார். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1,000 பங்காயின் ஓரிரு மூச்சே போதும். முதலில் இறங்கியவர் விழ, அவரைத் தூக்க இறங்கிய தம்பியோ மகனோ விழ, ஒரே குழியில் இருவர் மூவராக மாள்வது இதனால்தான். விளக்கை ஏற்றி உள்ளே இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை இவ்வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் தீயும் பற்றும்.

நம் வட்டாரத்தில் இன்னொன்றும் சேர்கிறது. பச்சைத் தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு கலக்கிறார்கள். அக்கழிவுநீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை சல்பைடு அடங்கியிருக்கும். பதனிடும் வேறு கட்டத்தில் வரும் அமில நீர் அதே தொட்டியில் சேர்ந்தால் விஷவாயு வெளிப்பட்டுவிடும். தோல் தொழிற்சாலைத் தொட்டியில் இறங்கியவர் திரும்பவில்லை என்ற செய்தி ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்களுக்குப் புதிதன்று. எந்தத் தொட்டியில் எந்த நீர் சேர்ந்துள்ளது என்று கேட்டறிந்து, உள்ளிருக்கும் வாயுவை அளந்து, காற்றோட்டம் செய்து, பிறகே கை வைப்பவர் தொழில் தெரிந்தவர். வாளியோடு இறங்குபவரிடம் இருப்பது துணிவு. அத்துணிவையே தேர்ச்சி என்று எடுத்துக்கொள்வது நமக்கு வசதியாக இருக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டில் ஒருவர் அவ்வாறு இறங்கினார். இரண்டு மணி நேரம் உள்ளேயும் வெளியேயுமாக இருந்தார். வேலை முடிந்தபின் குளிக்கச் சோப்பும் தேங்காய் எண்ணெயும் கொடுத்தோம். பழைய வேட்டி ஒன்றும், பேசிய கூலிக்கு மேல் 20 ரூபாயும் கொடுத்தோம். தங்கமான மனிதர்கள் என்று வாழ்த்திவிட்டுச் சென்றார். அதை நாமும் நம்பினோம். அவர் உயிரோடு ஏறி வந்ததற்கும் நம் குணத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை; அன்று அக்குழியில் வாயு குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

அன்று ஒருவரும் இறக்கவில்லையே, ஹிம்சை எங்கே என்று கேட்கலாம். தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கும்போது உயிர் போவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிரமாதத்தோடு கூடிய மன, வாக்கு, காய இயக்கத்தை முதற்கண் வைக்கிறது. (பேச்சுத் தமிழில் பிரமாதம் என்றால் மிகச் சிறப்பு என்று ஆகிவிட்டது, ஆகமத்தில் அச்சொல்லுக்குப் பொருள் அயர்வு, கவனமின்மை. வேடிக்கையான மாற்றம்தான்.) பிரவசனசாரத்தில் குந்தகுந்த ஆசார்யர் இதனை மேலும் தெளிவாக்குகிறார். கவனமின்றி நடந்தவன் எதிரில் இருந்த உயிர் பிழைத்துக்கொண்டது என்பதால் குற்றம் நீங்கியவன் ஆகான். கவனத்தோடு நடந்தவனை எதிர்பாராது நேர்ந்த உயிர்ச்சேதம் மட்டும் பந்தத்தில் சேர்க்காது. அந்த அளவுகோலின்படி முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பகலில் நம் கணக்கில் ஹிம்சை எழுதப்பட்டாயிற்று. வேட்டியும் எண்ணெயும் அதைக் கழிக்கமாட்டா.

வினை வந்து சேரும் வழிகளை 108 ஆக நம் நூல்கள் எண்ணுவதை அறிவோம். எண்ணுதல், ஆயத்தம் செய்தல், தொடங்குதல் என்ற மூன்றை மனம், வாக்கு, காயம் என்ற மூன்றால் பெருக்கி, செய்தல், செய்வித்தல், உடன்படல் என்ற மூன்றாலும், சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் என்ற நான்காலும் பெருக்கினால் அத்தொகை வரும். ஜபமாலையின் மணிகளுக்கும் இக்கணக்கைச் சொல்வதுண்டு. தொட்டி ஓரத்தில் நின்று 1,500ஐ 1,200 ஆக்கப் பேரம் பேசுபவர் எந்த மணியை உருட்டுகிறார் என்று பார்க்கலாம். வாக்கினால், செய்வித்தலாக, உலோபத்தின் பொருட்டு. நீரை வடிகட்டிக் குடிக்கிறோம். பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. மண்ணுள் விளையும் கிழங்கை விலக்குகிறோம். தொட்டியைச் சுத்தம் செய்வதிலேயே எண்ணற்ற நுண்ணுயிர்கள் மாள்கின்றன என்றால், அது இல்லறத்தார் தவிர்க்க இயலாத ஆரம்ப ஹிம்சை. மனமுள்ள ஐம்பொறி உயிர் ஒன்றைக் குழியில் இறக்குவது அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதைத் தவிர்க்கலாம், தவிர்ப்பதற்கு விலையும் தெரிந்திருக்கிறது.

அவரே ஒப்புக்கொண்டாரே என்பது அடுத்து எழும் வாதம். அஹிம்சா அநுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதலும் ஒன்று. அதை மாட்டு வண்டிக்குச் சொன்னதாகவே பலரும் கொள்கிறோம். மாடு மறுத்துப் பேசாது. அன்றைய அரிசிக்கு அன்று கூலி தேடுபவரும் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை. அதிலும் பிறப்பைக் காரணம் காட்டித் தலைமுறை தலைமுறையாக இதே வேலையில் நிறுத்தப்பட்டவருக்கு மறுப்பதற்கு என்ன இருக்கிறது? அவருடைய ஒப்புதல் உண்மையான ஒப்புதல்தானா என்று சோதிக்க எளிய வழி, அதே குழியில் நம் மகன் இறங்குவதற்கு எவ்வளவு கேட்போம் என்று எண்ணிப் பார்ப்பது. 6,000 அன்று, 6 லட்சத்துக்கும் அனுப்பமாட்டோம்.

சட்டமும் இவ்வாதத்தை ஏற்கவில்லை. கையால் மலம் அள்ளுவோர் பணியமர்த்தல் தடைச் சட்டம் 2013, பாதுகாப்புக் கருவியின்றி மலக்குழியையோ பாதாளச் சாக்கடையையோ சுத்தம் செய்ய எவரையும் நேராகவோ மறைமுகமாகவோ அமர்த்தக்கூடாது என்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மறைமுகமாக என்ற சொல்லைப் படிக்கும்போது நமக்குச் செய்வித்தல் நினைவுக்கு வருகிறது. இக்குழிகளில் இறந்தோர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க உச்ச நீதிமன்றம் 27-3-2014 அன்று ஆணையிட்டது. 20-10-2023 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

மிச்சம் பிடித்த பணம் எங்கே போகிறது என்பதற்குப் பாலாற்றைவிடப் பெரிய பாடம் நமக்கு வேண்டியதில்லை. பல்லாண்டுகளாகத் தோல் கழிவுநீரை முறையாகச் சுத்திகரிக்கும் செலவு தவிர்க்கப்பட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 28-8-1996 அன்று நீதிபதி குல்தீப் சிங் முதலானோர் தீர்ப்புரைத்தபோது, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதை எடுத்துக்காட்டினர். மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றனர். அதே பாலாற்றுக்காக 30-1-2025 அன்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைக்க வேண்டியிருந்தது. தொழிற்சாலைக் கணக்கில் இலாபமாக நின்ற தொகையை ஆற்றோரத்து உழவரும் அவர்தம் கிணறுகளும் கட்டியிருக்கிறார்கள். இராணிப்பேட்டை சிப்காட்டில் 31-1-2015 விடியுமுன் சுத்திகரிப்பு நிலையத் தொட்டியின் சுவர் உடைந்து, கழிவுச் சேறு பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கியவர்களை மூடியது. மாண்ட 10 பேரில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பிறர் குற்றத்தைச் சொல்வதற்காக இவற்றை எழுதவில்லை. நம் வீட்டு 4,500 ரூபாயும் இதே கணக்கின் சிறிய பதிப்பு.

வேலூர் மருத்துவமனைக்குச் சென்று அறுவை மருத்துவரிடம் நாம் பேரம் பேசுவதில்லை. கை தேர்ந்தவர் யார் என்று நான்கு பேரிடம் விசாரிக்கிறோம். கடன் வாங்கியாவது கட்டுகிறோம். அங்கே மேசை மேல் கிடக்கும் உடல் நம்முடையது.

இதனால் அதிக விலை சொல்பவரெல்லாம் தேர்ந்தவர் என்று கொள்ள வேண்டா. லாரி கொண்டுவந்து, குழாய் எட்டாத மூலைக்கு ஆளை இறக்குபவரும் உண்டு. உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். வாயு அளக்கும் கருவி எங்கே என்று கேட்கலாம். அடைப்பு வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பார்த்தால் ஆளின் தரம் தெரிந்துவிடும். நம்மிடம் வந்தவர் அக்கேள்விக்கு, நீரைப் பாய்ச்சி வண்டலைக் கரைத்து மறுபடி உறிஞ்சுவோம், ஆள் இறங்கமாட்டார் என்றார். அடிவண்டலில் சிறிதளவை விட்டுவைத்தால்தான் தொட்டி மறுபடி ஒழுங்காக வேலை செய்யும் என்றும் விளக்கினார். முழுவதும் வாரவேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஆளை இறக்கினோமே, அதற்குத் தேவையே இருந்திருக்கவில்லை. இதை அறிந்தபோது நேர்ந்த வெட்கம் சிறிதன்று. நம் சமூகத்தில் பெரும்பாலோர் உழவர் குடும்பத்தார். 6,000 ரூபாய் எல்லோருக்கும் எளிய தொகையும் அன்று. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் லாரியை வரவழைத்தால் செலவு குறைகிறது. ஜினாலய விருந்தினர் விடுதிகளில் திருவிழாவுக்கு முன் இவ்வேலை வரும். இதர செலவு என்ற தலைப்பில் ஒளித்து வைக்காமல் வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகவே எழுதலாம்.

ஆம்பூர் வட்டாரத்து மலையாம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருப்பதை வாசகர் பலர் அறிவர். எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்த, சித்தன்னவாசலை ஒத்த சமண ஓவியங்களின் எச்சம் அங்கு உண்டு. அக்குகையில் தங்கிய முனிவர்கள் கடைப்பிடித்த ஐந்து சமிதிகளில் ஐந்தாவது உற்சர்க்க சமிதி. உடற்கழிவை எவ்வுயிருக்கும் ஊறு நேராத இடம் பார்த்து விடுதல். ஈரியா சமிதியைப் பற்றி மேடைகளில் நிறையக் கேட்கிறோம். ஐந்தாவதைச் சொல்லக் கூசுகிறோம் போலும். முனிவர் தம் கழிவைப் பிறர் கையில் ஒப்படைப்பதில்லை. நாம் ஒப்படைக்கிறோம், வேறு வழியும் இல்லை. ஆகவே யாரிடம், எந்த முறையில் ஒப்படைக்கிறோம் என்பதில்தான் நாம் அச்சமிதியில் ஒரு சிறு பங்கேனும் பெற முடியும்.

லாரிக்காரர் வந்து ஒன்றரை மணி நேரத்தில் வேலையை முடித்தார். 1,500 ரூபாய் கேட்டவருக்கு அன்று நம்மால் கூலி இல்லாமற் போயிற்று. அவர் பிழைப்பைத் தடுத்துவிட்டு அஹிம்சை பேசுகிறோமே என்ற உறுத்தலுக்கு நம்மிடம் விடை இல்லை. மறுநாள் அவர் வீட்டுப் பக்கம் சென்றபோது, அந்தக் கருவியைப் பிடிக்க எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்டார். துப்புரவுப் பணியாளருக்குப் பயிற்சியும் பாதுகாப்புக் கருவியும் தருவதற்காக மத்திய அரசு 2023இல் தொடங்கிய நமஸ்தே திட்டம் இருக்கிறது. ஆம்பூர் நகராட்சி அலுவலகத்துக்கு அவரை அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறோம். ஒரு முறை சென்றோம்; உரிய அலுவலர் இல்லை. திங்கட்கிழமை மறுபடி செல்ல வேண்டும்.